பைக்குள் போன முடி

அரியலூரில் தஞ்சாவூர் பஸ் கிளம்பியதும், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாள்: "அண்ணி, திருமானூர் போறதுக்குள்ள இந்த முடியக் கழட்டிடவா?"

அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவள் தலையில் இருந்தது விக் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஏன் செல்வி, அரிக்குதா?"

"அரிப்பு பழகிடுச்சு அண்ணி. வளைகாப்புல அக்கா மவளுக்குக் குனிஞ்சு வளையல் போடுறப்ப நழுவிடுமோன்னு நேத்துலேருந்து அதே நெனப்பு."

"திரும்ப மொளைக்கும்னாரே டாக்டர்."

"மொளைக்கலாம், மொளைக்காமலும் போலாம்னுதான் சொன்னாரு. ஒரு வருசம் வூட்டுக்குள்ளயே கெடந்தாச்சு. போதும்."

 செல்வி அண்ணி பக்கம் திரும்பினாள்.

"கொத்துக் கொத்தா கொட்டுனப்ப, மிச்சத்த நீங்கதான் மழிச்சு விட்டீங்க. ஒரு வார்த்த கேக்காம எண்ணெ தடவி விட்டீங்க. அன்னிக்குத்தான் நான் நிம்மதியாத் தூங்குனேன். இத ஒங்ககிட்ட சொன்னதே இல்ல அண்ணி."

அண்ணி விக்கின் கிளிப்புகளை எடுத்து, அதைக் கழற்றித் துணிப்பையில் வைத்தார். முந்தானையால் செல்வியின் தலை வியர்வையைத் துடைத்தார்.

"பாக்குறாங்களா அண்ணி?"

"பாக்குறாங்க."

"பாக்கட்டும். காத்து நல்லா இருக்கு."

திருமானூர் வந்தது. அண்ணி அவள் முந்தானையை எடுத்துத் தலையில் போர்த்தப் போனார்.

"வேணாம் அண்ணி. அந்த வளையல் பையக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு, செல்வி முதலில் இறங்கினாள்.