சனிக்கிழமை எழுதிய இரண்டு கடிதங்கள்

குளிர்காலத்தில் மைக்கூட்டைச் சட்டைக்குள், வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே வைத்தால் எழுத உட்காரும்போது மை கல்லாகக் கிடக்கும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் ஆமோஸ் நட்டிங். இங்கிலாந்து ராஜாவை எதிர்த்து நடந்த போரில் நாங்கள் இருவரும் ஒரே கூடாரத்தில் படுத்தோம். ஒரே வயது, ஒரே எழுத்து வேலை. அதன் பிறகு ஒவ்வொரு குளிர்காலத்திலும் அவன் சொன்னபடிதான் செய்துவந்தேன். ஒரே ஒரு சனிக்கிழமை தவறியது.

மேஜர் அவர்களே, நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். நல்ல யோசனை. உங்கள் விசாரணை எழுத்தர் எழுதியிருந்தால் அடித்தலும் திருத்தலுமாக இருந்திருக்கும். நேற்று அவர் எழுதிக்கொண்டிருந்த தாளைப் பார்த்தேன். ‘பொறாமை’ என்ற இடத்தில் மை கசிந்து கிடந்தது.

என் பெயர் ஜாபெஸ் தர்லோ. ஜெனரல் வார்ட்வெல்லிடம் ஒன்பது வருஷமாகக் காரியதரிசி. அவர் நடந்துகொண்டே சொல்லுவார். நான் அதை முதலில் கடிதப் புத்தகத்தில் சொல்லுக்குச் சொல் ஏற்றுவேன். பிறகு புத்தகத்தைப் பார்த்து நல்ல தாளில் ஒரு படி. அதில் அவர் கையெழுத்து, அரக்கு முத்திரை, குதிரைக்காரன் கை. கடிதம் போய்விடும், புத்தகம் நம்மிடம் நிற்கும். ஜெனரல் என்ன சொன்னார் என்று நாளைக்கு யாராவது கேட்டால் புத்தகத்தைத் திறந்து காட்டலாம். “ஜெனரல் தும்முனாக்கூட தர்லோ ஏத்திப்புடுவாரு” என்று குதிரைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். தும்மலை ஏற்றமாட்டேன். சொன்னதை ஏற்றுவேன்.

இந்தக் குளிர்காலத்து விவகாரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வரி கட்ட முடியாத விவசாயிகள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுகளை மூடினார்கள். அடையாளத்துக்கு அவர்கள் தொப்பியில் ஊசியிலைக் கொத்து. நம் ஆட்கள் தொப்பியில் வெள்ளைக் காகிதத் துண்டு. அந்தக் காகிதம் அத்தனையும் என் பெட்டியிலிருந்து கிழித்தது. நல்ல தாள். கேட்டிருந்தால் மட்டமானதைக் கொடுத்திருப்பேன்.

பிப்ரவரி முதல் வாரம் நாங்கள் டீக்கன் ஹேவர்ட் வீட்டில் தங்கியிருந்தோம். அவர் சபைக்கு மூப்பர், ஊருக்கு நீதிபதியும் அவர்தான். ஏழு மைல் தள்ளி, வெஸ்ட் ஹாலோ மேட்டில் நாற்பது கலகக்காரர்கள் இருந்தார்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் நம் கர்னல் லோரிங், இருநூறு பேரோடு. கர்னலுக்கு ஏற்கெனவே உத்தரவு போயிருந்தது: வேறு தகவல் வராவிட்டால் ஞாயிறு விடிந்ததும் தாக்க வேண்டும். ஓய்வுநாளில் தாக்கலாமா என்று சேனைப் போதகரிடம் கேட்டதற்கு, அவசியமான காரியத்துக்குத் தோஷமில்லை என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் மேட்டிலிருந்து ஒருவர் கடிதத்தோடு வந்தார். ஓபேத் என்று பெயர். ஐம்பது வயதிருக்கும், காதுநுனி குளிரில் வெந்து கறுத்திருந்தது. டீக்கன் வீட்டில் சனிக்கிழமை வழக்கப்படி பீன்ஸ் பானையை அடுப்பிலிருந்து இறக்கியிருந்தார்கள். ஜெனரல் அவருக்கும் ஒரு தட்டு வைக்கச் சொன்னார். எதிரியாக வந்த ஆள் மூன்று தட்டு சாப்பிட்டார்.

கடிதத்தை நான்தான் பிரித்தேன். முதல் வரியிலேயே ஆமோஸ் கையெழுத்து என்று தெரிந்துவிட்டது. கோணல்மாணலான எழுத்துதான். போர்க்காலத்தில் சிப்பாய்கள் வீட்டுக்குக் கடிதம் எழுத அவன் கூடாரப் பக்கத்தில்தான் வரிசையில் நிற்பார்கள். என் கடிதங்களில் பிழை இருக்காது. அவன் எழுதியதைப் படித்த மனைவிமார் அழுதுவிட்டதாகப் பதில் வரும். எனக்கு அது ஒரு குறையாகத் தோன்றியதில்லை.

ஜெனரல் கேட்டதால் சத்தமாகப் படித்தேன். “பட்டாணிக் கஞ்சியில் தண்ணீர் சேர்ப்பதை மூன்று நாளாக நிறுத்திவிட்டோம், இப்போது தண்ணீரில் பட்டாணி சேர்க்கிறோம்” என்று எழுதியிருந்தான். செவ்வாய்க்கிழமை வரை பொறுத்தால், நாற்பது பேரையும் தானே பேசிச் சரிக்கட்டி, துப்பாக்கிகளை ஒப்படைத்து, அரசுக்குச் சத்தியம் செய்ய வைப்பதாகவும் எழுதியிருந்தான். கடைசியில் ஒரு பின்குறிப்பு: “ஜாபெஸிடம் கேளுங்கள், மை சூடாக இருக்கிறதா என்று.”

ஜெனரல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நம்ம நட்டிங் பயதான? இவனப் போயி இத்தன நாளு உருளக்கெழங்கு தோண்ட விட்டு வெச்சிருக்கோம் பாரு” என்றார். “இது முடியட்டும் தர்லோ. மன்னிப்பு வாங்கிக் குடுத்து, அந்த மேஜைல ஒக்கார வெக்கிறேன் அவன.”

அவர் காட்டியது என் மேஜையை.

“நீ ஒண்ணும் நெனச்சுக்காத. உனக்கு வண்டி, வைக்கோலுன்னு எதாவது பாத்துக்கலாம். நீதான் ஒழுங்கா இருக்கற ஆளாச்சே.”

“சரிங்க ஐயா” என்றேன். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்தேன்.

இரண்டு கடிதங்கள் சொன்னார், புத்தகத்தில் ஏற்றினேன். ஒன்று கர்னலுக்கு: செவ்வாய் வரை ஓர் அடி நகரக்கூடாது. இன்னொன்று ஆமோஸுக்கு: செவ்வாய் வரை உங்களை யாரும் தொடமாட்டார்கள், என் வாக்கு. அதற்குள் வாசலில் பனிச் சறுக்குவண்டி வந்துவிட்டது. அவர் பக்கத்து ஊர் முகாமுக்குப் போய்த் திங்கட்கிழமை திரும்புவதாக ஏற்பாடு. இரண்டு வெற்றுத் தாள்களின் அடியில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார். ஒன்பது வருஷத்தில் அப்படி எத்தனையோ தடவை கொடுத்திருக்கிறார், ஒன்றிலும் பிசகு வந்ததில்லை.

“கர்னலுக்கு மொதல்ல அனுப்பு” என்று வண்டியில் ஏறும்போது சொன்னார். மணி இரண்டு.

நான் ஆமோஸ் கடிதத்தை முதலில் எழுதினேன். ஓபேத் அங்கேயே நின்றிருந்தார்; அவர் பூட்ஸிலிருந்து பனித்தண்ணீர் வடிந்து தரையெல்லாம் ஈரமாகிக்கொண்டிருந்தது. அவரை அனுப்பிவிட்டால் இடம் சுத்தமாகும். கால் மணி நேரத்தில் எழுதி, அரக்கு வைத்துக் கொடுத்தேன்.

“ஆமோஸு உங்களப் பத்தி ரொம்பப் பேசுவாருங்க” என்றார் ஓபேத், கடிதத்தைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டே. “ஜாபெஸு எழுதுனா ஒரு எழுத்து முன்னப்பின்ன இருக்காது, கண்ண மூடிட்டு நம்பலாம்பாரு.”

“பாத்துப் போங்க, வழுக்கும்” என்றேன்.

அதன் பிறகு கர்னல் கடிதத்துக்கு உட்கார்ந்தேன். மை உறைந்திருந்தது. மைக்கூடு ஜன்னல் பலகையில் இருந்தது. அங்கே வைத்தது நான்தான், ஓபேத் போன பிறகு வைத்தேன். அடுப்பருகே கொண்டுபோய் இளக்கினேன். அவசரப்படுத்தினால் கூடு விரிசல் விடும் என்பதால் தள்ளியே வைத்தேன். இறகுப் பேனாவைச் சீவினேன். முனை திருப்தியாக வரவில்லை, இன்னொன்று சீவினேன். குதிரைக்காரர் பீபி இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

“என்னா சார், பேனா சீவுறீங்களா, மரம் அறுக்குறீங்களா? குதிர நின்னுக்கிட்டே தூங்குது.”

“நல்லா எழுதணுமில்ல” என்றேன்.

நன்றாகத்தான் எழுதினேன். என் வாழ்நாளில் எழுதியதிலேயே அழகான கடிதம் அதுதான் என்று நினைக்கிறேன். மேஜை இழுப்பறையில் இருக்கிறது, நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மை உலர மணல் தூவி ஊதிவிட்டு நிமிர்ந்தபோது, டீக்கன் ஜன்னலருகே நின்று மேற்குக் குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூரியன் இறங்கிவிட்டது. இறங்கியதும் ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதன் பிறகு எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் குதிரை ஏறக்கூடாது. ஏறினால் காவலர் பிடித்து இறக்கிவிடுவார். அவசரக் காரியம் என்றால் நீதிபதி ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். நீதிபதி என்னிடமிருந்து நாலடி தூரத்தில் நின்றிருந்தார்.

அவரே கேட்டார், பாவம், நல்ல மனிதர். “தம்பி, எதாவது போயாகணுமா? சீட்டு வேணும்னா சொல்லுங்க, எழுதித் தர்றேன்.”

பீபியும் வாசற்படியில் நின்று என்னையே பார்த்தார்.

“சாதாரணக் கடிதம்தான் ஐயா. திங்கக்கெழம போனாப் போதும்” என்றேன்.

பீபி சந்தோஷமாகச் சேணத்தைக் கழற்றப் போனார். டீக்கன் என் தோளில் கைவைத்து, “இந்தக் காலத்துல ஓய்வுநாள மதிக்கிறவன் எங்க இருக்கான்” என்றார். நான் கடிதத்தை இழுப்பறையில் வைத்து மூடினேன். இரவுச் சாப்பாட்டுக்கு மிச்சமிருந்த பீன்ஸ். பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசித்தார்கள். நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் சபையில் பிரசங்கம் பாதியில் இருக்கும்போது செய்தி வந்தது. கர்னல் உத்தரவுப்படி விடிந்ததும் போயிருக்கிறார். கலகக்காரர்கள் மேட்டில் இல்லை. கீழே, பாதையோரத்துக் களஞ்சியத்தில் வைக்கோலுக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காவலுக்கு ஒருவர்கூட இல்லை. துப்பாக்கிகளை ஓர் ஓரமாகக் கட்டி வைத்திருந்தார்கள். பூட்ஸுகளை வரிசையாக விட்டத்தில் காயப் போட்டிருந்தார்கள். கர்னலின் ஆட்கள் பலகை இடுக்குகள் வழியாகச் சுட்டார்கள். எட்டுப் பேர் எழுந்திருக்கவேயில்லை. வெறுங்காலோடு பனியில் ஓடியவர்களில் நாலு பேருக்குப் பிறகு பாதத்தை வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று. செத்தவர்களில் ஒன்பதாவது ஆமோஸ், கதவருகே கிடந்தானாம். “ஜெனரல் வாக்குக் குடுத்திருக்காரு” என்று கத்திக்கொண்டே காகிதத்தைத் தூக்கிக் காட்டியிருக்கிறான். நம் ஆட்கள் தொப்பியில் இருந்ததும் வெள்ளைக் காகிதம்தான். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

எல்லோரும் அதை விதி என்றார்கள். கடிதம் ஓய்வுநாளில் மாட்டிக்கொண்டது, என்ன செய்வது என்றார்கள். போதகர்கூட என்னை ஆறுதலாக இரண்டு வார்த்தை விசாரித்தார். உயிர் பிழைத்த ஓபேத் மட்டும், ஆமோஸ் விரலிலிருந்து அந்தக் காகிதத்தைப் பிரித்தெடுத்துக்கொண்டு நடந்தே வந்து ஜெனரலிடம் கொடுத்தார். ஜெனரல் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தவர்தான். உங்களை அனுப்பியது அதன் பிறகுதான்.

மேஜையைக் காப்பாற்றத்தானே செய்தாய் என்று கேட்டீர்கள். அது சாதாரண பைன் மர மேஜை, ஒரு கால் ஆடும். அதற்காக யாராவது ஒன்பது பேரைக் கொல்வார்களா? நீங்கள் கேட்ட இன்னொரு கேள்விக்குத்தான் பதில் எழுத வேண்டும். புத்தகத்தில் ஆமோஸ் கடிதம் ‘என் வாக்கு’ என்பதோடு முடிகிறது. அவன் கையில் இருந்த தாளில் அதற்குப் பிறகு இரண்டு வரிகள் இருக்கின்றன:

“உங்கள் ஆட்கள் குளிரில் மேட்டில் நிற்க வேண்டாம். கீழே களஞ்சியத்துக்கு இறங்கி வந்து, காவல் வைக்காமல், நிம்மதியாகத் தூங்கட்டும்.”

அது நான் எழுதியதுதான். ஜெனரல் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டிருந்ததால், கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடம் மிஞ்சியது. அப்படி வெற்றிடம் விடுவது தவறு. வழியில் யாராவது எதையாவது சேர்த்து எழுதிவிடலாம். அதனால் நிரப்பினேன். என்ன எழுதுவது என்று யோசித்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, ஓபேத்தின் காதுகளைப் பார்த்தேன், அது மனதில் வந்தது. அதை எழுதும்போது கர்னல் கடிதம் போகாது என்று தெரியுமா என்று கேட்டால், தெரியும். தெரிந்துதான் எழுதினேன். அதற்காகத்தான் எழுதினேன்.

அந்த இரண்டு வரிகளை ஏன் புத்தகத்தில் ஏற்றவில்லை, மறைக்கத்தானே என்றீர்கள். இல்லை, மேஜர் அவர்களே. அந்தக் குற்றச்சாட்டு மட்டும் உண்மையில்லை. ஜெனரல் சொல்லாத சொல்லை அவர் பெயரில் புத்தகத்தில் ஏற்றுவது பொய்யெழுத்து. ஒன்பது வருஷத்தில் அப்படி ஒரு காரியத்தை நான் ஒருநாளும் செய்ததில்லை.