ஆயுத பூஜைக்குத் துடைத்தவை

"உனக்கு வாய்னு ஒண்ணு இருக்கா, இல்லையாடி?"

வேலைக்குச் சேர்ந்த அன்று திவ்யா அக்கா என்னிடம் கேட்டாள். நான் சிரித்தேன். படிப்பைப் பாதியில் விட்டவளுக்குச் செல்லூர் ரத்தப் பரிசோதனை நிலையத்தில், ஏ.சி. அறையில் வேலை கிடைத்ததே பெரிது. வாய் வேறு வேண்டுமா?

ரிப்போர்ட் அடிப்பது அக்காவின் வேலை. கூட்டுவது, டீ வாங்குவது, அவள் இல்லாதபோது அவள் பெயரிலேயே கணினியில் உட்கார்வது என் வேலை. பாஸ்வேர்டைத் திரையின் ஓரத்தில் எழுதி ஒட்டியிருப்பார்கள். அவ்வளவு நம்பிக்கையான இடம்.

அவள் சாப்பிடப் போயிருந்தபோது வாடிப்பட்டி வீரணன் தன் ரிப்போர்ட்டோடு திரும்பி வந்தார்.

"எழுபத்தொண்ணுன்னு போட்ருக்கு? அம்புட்டுக் கெழவனாவா தெரியுறேன்? அறுபத்தொண்ணு தாயி, மாத்து."

மாற்றினேன். பழைய தாளைக் கிழித்துப் போட்டேன். வயதைத் திருத்திய விரல் சர்க்கரை அளவையும் தொட்டிருக்கிறது. எண்பத்திரண்டு, இருநூற்று எண்பத்திரண்டானது. அவர் வயதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். மருத்துவர் சர்க்கரையைப் பார்த்து இன்சுலினைக் கூட்டினார். வீரணன் வீட்டில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. பத்து வயது குறைந்தவராகப் படுத்திருக்கிறார்.

அவருடைய உறவினர்கள் வந்து சத்தம் போட்டார்கள். ரிப்போர்ட்டில் இருந்தது திவ்யா அக்காவின் பெயர்.

"சத்தியமா எண்பத்திரண்டுதான் சார் அடிச்சேன்" என்று அழுதாள்.

முதலாளி சாம்பசிவம், கணினி பார்க்கும் பரீத் அண்ணனுக்குப் போன் போட்டார்.

"கவலப்படாதீங்கண்ணே. ஸ்டோரேஜ்ல மணிக்கொரு ஸ்நாப்ஷாட் விழுந்திருக்கும். அந்தந்த நேரத்துல என்ன இருந்துச்சோ அப்படியே நகல் இருக்கும். எப்ப மாறுச்சுன்னு பாத்துரலாம். பூசை முடியவும் வாரேன்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் சாப்பிடப் போகும் நேரத்தில் அந்த நாற்காலியில் யார் உட்கார்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்யும் நாள். "பழசு ஒண்ணு இருக்கக் கூடாது" என்றார் முதலாளி. மின்விசிறியைத் துடைத்தேன். அலமாரியைக் கழுவினேன். ஸ்டோரேஜைத் திறந்தேன். இடம் நிறைந்தால் ஸ்நாப்ஷாட்டை எப்படி அழிப்பது என்று பரீத் அண்ணனே முன்பு போனில் சொல்லிக் கொடுத்திருந்தார். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தேன். அழித்தால் திரும்பக் கிடைக்காது, உறுதிதானா என்று திரை கேட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து நின்றபோதுகூட என்னை யாரும் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. ஆம் என்றேன். பிறகு கணினிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன்.

பரீத் அண்ணன் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"ஒண்ணு விடாமயா அழிச்ச?"

"சார்தான் பழசு இருக்கக் கூடாதுன்னாருண்ணே."

"விடுப்பா, வெவரம் தெரியாத புள்ள. சொன்னதச் செஞ்சிருக்கு" என்றார் முதலாளி. திவ்யா அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். வீரணன் வீட்டாரிடமும் அவள் பெயரைச் சொல்லியாயிற்று. இனி போலீஸ் அவள் வீட்டுக்குப் போகும்.

விவரம் தெரிந்துதான் அழித்தேன். ஆனால் அக்காவுக்கு எதிராக ஒரு வார்த்தை நான் பேசவில்லை. என் சுபாவம் அப்படி. யாரையும் புண்படுத்த எனக்கு வராது.

அவள் டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்தபோது, நானே போய்ச் சுண்டல் பொட்டலத்தைக் கையில் கொடுத்தேன்.

"பிள்ளைகளுக்குக் கொண்டு போங்கக்கா."

என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பொட்டலத்தை மேஜையில் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

பழகின தோஷத்துக்கு, ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போயிருக்கலாம்.