நாப்பது நிமிஷம்

சரி... கொஞ்சம் நிமிந்து உக்காருங்க. பின்னால விசிறிக்குக் கீழ இருக்கவங்களும்தான்! ஒரு சின்னக் கதை சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் தூங்குங்க.

ஒரு சபை. அந்தச் சபையில தங்கபுஷ்பம்னு ஒரு அம்மா, பெண்கள் சங்கச் செயலாளர். அவங்கதான் காம்பவுண்டு சுவத்துல எழுதிப் போட வெச்சாங்க. "சின்ன அவசரமா? கூப்பிடுங்க." கீழ ஒரு போன் நம்பர். கேஸ் தீந்துபோச்சா, மாத்திரை வாங்க ஆள் இல்லையா, கைப்பிள்ளையோட ஆஸ்பத்திரிக்குப் போகணுமா... எந்தச் சாமி கும்பிடுறவங்களா இருந்தாலும் கூப்பிடலாம். ரெண்டு வருஷம் அந்தப் போன் தங்கபுஷ்பம் கையில இருந்துச்சு. நல்லாவே ஓடுனாங்க. பொய் சொல்லக் கூடாது.

அப்புறம் முட்டு வலி வந்துச்சு. சபை ஐயர், அதான் போதகர், போனை வாங்கி, புதுசா வந்த ஜெபக்கனிங்கிற பிள்ளை கையில குடுத்துட்டார். ஸ்கூட்டர் ஓட்டுற பிள்ளை.

அங்க ஆரம்பிச்சது வினை!

அந்தச் சபையில ஒரு வழக்கம். ஞாயித்துக்கிழமை ஆராதனையில, உதவி வாங்குனவங்க எந்திரிச்சு சாட்சி சொல்லணும். ஒரு வாரம், "ஜெபக்கனி அக்கா வந்து சிலிண்டர் மாட்டித் தந்தாங்க." அடுத்த வாரம், "ஜெபக்கனி பிள்ளை இல்லன்னா எங்க மாமியார் இல்ல." ஜெபக்கனி... ஜெபக்கனி... ஜெபக்கனி! தங்கபுஷ்பத்துக்கு வாயில அல்லேலூயா, வயித்துல எரிச்சல். வீட்டுக்கு வந்து புருஷன்கிட்ட, "நேத்து வந்தவளுக்கு என்ன பவுசு பாத்தீங்களா? நான் ஓடுனப்ப ஒருத்தராவது இப்படிச் சொன்னாங்களா?" அவர் ராஜமணி சார், பாவம், சர்க்கரைக்காரர். "சாப்பாட்டைப் போடுட்டி"ன்னு பேப்பரை விரிச்சுக்குவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணி. குளிமுறியில தொப்புன்னு ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பாத்தா... ராஜமணி சார் ஈரத் தரையில கிடக்கார். எந்திரிக்க முடியல. இந்த அம்மாவால தூக்கவும் முடியல.

இப்ப என்ன செய்யணும்? சொல்லுங்க... அந்த நம்பரைக் கூப்பிடணும், அவ்வளவுதானே?

கூப்பிடல!

மருமகனைக் கூப்பிட்டாங்க. எடுக்கல. சபையில மணியடிக்கிற கோயில்குட்டியைக் கூப்பிட்டாங்க. எடுக்கல. பக்கத்து வீட்டுல பாத்திமா இருக்கா. ஐயோ, அவ போன மாசம்தான் ஜெபக்கனியை வாய் நிறையப் புகழ்ந்தவ, உடனே அவளைத்தான் வரச்சொல்லுவா! உள்ள இருந்து புருஷன் முனகுறார். "ஏட்டி... அந்தப் பிள்ளையக் கூப்பிடேன்..." "அவளையா? ஞாயித்துக்கிழமை எம் வாயால அவளுக்கு சாட்சியா? நான் எந்திரிச்சு நிக்கணுமா?" "இடுப்பு வலிக்குதுட்டி..." "செத்த பொறுங்க, மருமகன் எடுப்பாரு."

எவ்வளவு நேரம் தெரியுமா? நாப்பது நிமிஷம். யாரோ இல்ல, எதிரி இல்ல... கட்டுன புருஷன். நாப்பது நிமிஷம்!

கடைசில அவர் முனகுறதும் நின்னுபோச்சு. அப்பத்தான் மறுபடி போனை எடுத்தாங்க. நம்பரைத் தேட வேண்டாம், மனப்பாடம். ரெண்டு வருஷம் அவங்க போன்தானே? "சபை அவசர உதவி, சொல்லுங்க"ன்னு அந்தப் பக்கம் குரல். இந்த அம்மாவுக்குப் பேர் சொல்ல வாய் வரல. "ஒருத்தர்... விழுந்துட்டார்..." அவ்வளவுதான். குரலை வெச்சே ஆளைக் கண்டுக்கிட்டு அங்க இருந்து, "அக்கா! கதவைத் திறந்து வைங்க, வந்துட்டேன்!"

ஆறு நிமிஷம். ஸ்கூட்டர் வந்துச்சு. வாசல்லயே பாத்திமாவைக் கூப்பிட்டுச்சு, பாத்திமா புருஷன் ஆட்டோவை எடுத்தார், தூக்கிட்டுப் போயாச்சு. உயிருக்கு ஒண்ணுமில்ல. இடுப்பெலும்பு விரிசல். டாக்டர் கேட்டார், "ஏம்மா இவ்வளவு லேட்டு?" ஜெபக்கனி இந்த அம்மா முகத்தைப் பாத்துச்சு. புரிஞ்சுபோச்சு.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. "யாருக்காவது சாட்சி உண்டா?"ன்னார் ஐயர். ஜெபக்கனி தலையைக் குனிஞ்சு பாட்டுப் புஸ்தகத்தைப் புரட்டுது. அதுக்கு எல்லாம் தெரியும், சொல்லல. தங்கபுஷ்பம் முட்டுக்காலைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சாங்க. "எங்க வீட்டுக்காரர் விழுந்ததுக்கு சோப்புத் தண்ணி காரணம். நாப்பது நிமிஷம் கிடந்ததுக்கு... நான் காரணம். இந்தப் பிள்ளை பேர் எம் வாயில வரக் கூடாதுன்னு அவரைக் கிடக்கப் போட்டேன்." அழுகை வந்துச்சு, உக்காந்துட்டாங்க.

சிரிச்சவங்க எல்லாம் இப்ப ஏன் சும்மா இருக்கீங்க? அந்த எரிச்சல் நமக்கு இல்லையா? பக்கத்துச் சபையில கூட்டம் நிரம்பி வழியுதுன்னு கேட்டா எனக்கே ராத்திரி சோறு இறங்காது, சொல்லிட்டேன்! பொறாமை அடுத்தவனை ஒண்ணும் செய்யாதுங்க. ஜெபக்கனிக்கு என்ன ஆச்சு? ஒரு கீறல் இல்ல. கிடந்தது யாரு? நம்ம வீட்டு மனுஷன்.

உங்ககிட்டயும் ஒரு நம்பர் இருக்கு. மனப்பாடமா இருக்கு. அந்த ஆளு பேரைச் சொல்லப் பிடிக்காம, கூப்பிடாம வெச்சிருக்கீங்க... வீட்டுக்குப் போனதும் முதல்ல அதைக் கூப்பிடுங்க. உள்ள யாரோ ஈரத் தரையில கிடக்காங்க.