விதிவிலக்கு இல்லாத வாசல்

…இல்ல மேடம், நான் கோவப்படல. என் குரலே அப்படித்தான். காலையில ஏழு மணியில இருந்து நம்ம ஆஸ்பத்திரி வெப்சைட்டுக்குள்ள ஒரு நோயாளி நுழைய முடியல. டாக்டரைப் பாக்க நேரம் பதிய முடியல. கீழ கியூ தெருமுனை தாண்டி நிக்குது. இதுக்கெல்லாம் கோவப்படலாமா? சந்தோஷம்ல படணும்! உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும்.

யாரு தப்புன்னு கேக்க நிர்வாகத்துல இருந்து நீங்களே எறங்கி வந்திருக்கீங்க. எழுதிக்குங்க. எங்க டீம்ல ஒரு பொண்ணு. மேதாவின்னு கூப்பிடுவோம், பேரு நான் வச்சதுதான். அடுத்த வாரம் அதுக்கு வேலை நிரந்தரம் ஆகணும். ஆகக்கூடாது. அவ்வளவுதான் என் வாக்குமூலம்.

காரணமா? சொல்றேன். முன்னாடி இந்த சைட்டுல நூத்திநாப்பது பக்கம். ஒவ்வொண்ணும் தனி ராஜ்ஜியம். "லாகின் பண்ணிட்டியா, நீ யாரு"ன்னு ஒவ்வொரு பக்கமும் அதுவாக் கேக்கும். சிலது கேக்கவே கேக்காது! எக்ஸ்ரே பக்கம் இருக்கே, வழியில போறவன் வந்தாலும் வாங்க வாங்கன்னு அடுத்தவன் எலும்பைக் காட்டும். நான்தான் சொன்னேன்: நடுவுல வாட்ச்மேன் மாதிரி ஒரே ஒரு புரோகிராம், கன்ட்ரோலர்னு பேரு. எவன் எதைக் கேட்டு வந்தாலும் முதல்ல அதுகிட்ட வரணும். அது விசாரிச்சு, உரிய பக்கத்துக்கு அனுப்பும். பெரிய டாக்டர் கைதட்டினாரு. கைதட்டினதோட சரி… விடுங்க.

ஒரே வாசல்னு ஆனதும் ஆளாளுக்கு அங்கயே கடை விரிச்சாங்க. மருந்துப் பிரிவுக்காரரு "என் வேலைக்கும் ரெண்டே வரி புரோகிராம் அதுல சேத்துடுங்க சார்"னு வந்தாரு. லேப் அம்மா "ஒரே வரி தம்பி"ன்னாங்க. நானூறு வரியில கட்டினது, இன்னைக்கு ஆறாயிரம்! என் கன்ட்ரோலர் இப்ப பிறந்தநாள் வாழ்த்தெல்லாம் சொல்லுது மேடம். டீ போட்டுக் குடுக்கறது ஒண்ணுதான் பாக்கி.

இதுல நம்ம மேதாவி வந்த ரெண்டாம் மாசமே, இந்த வாசலைத் தொறக்கறதுக்கு முன்னாடியே, கன்ட்ரோலர்ல ஒரு லிஸ்ட்டைச் செருகுது. "இந்த ரெண்டு பக்கத்தை மட்டும் விசாரிக்காம விடணும் சார்." சலுகை! இன்னைக்கு ரெண்டு. நாளைக்கு மச்சான், மாமன், ஒண்ணுவிட்ட சித்தப்பான்னு வரிசை கட்டாதா? என் வாசல்ல விதிவிலக்கே கிடையாதுன்னுட்டேன். "சார், அது இல்லன்னா…"ன்னு ஆரம்பிச்சுது. நான் முழுசாக் கேக்கல. முழுசாக் கேட்டா அப்புறம் நான் என்ன தலைவர்?

எந்த ரெண்டு பக்கமா? அதுவா இப்ப முக்கியம்? ஒண்ணு, ஏதாவது கோளாறுன்னா "மன்னிக்கவும்"னு சொல்ற பக்கம். இன்னொண்ணு… லாகின் பக்கம்.

ஆமா, அதேதான். லாகின் பண்ணாம வர்றவங்கள கன்ட்ரோலர் அங்கதான் அனுப்பும். அங்க போனா… அதுவும் கன்ட்ரோலர் வழியாத்தானே போகணும். அது கேக்கும், லாகின் பண்ணிட்டியான்னு. இல்லன்னா லாகின் பக்கத்துக்குப் போன்னும். அங்க போனா… அது கேக்கும்…

ஒரு நிமிஷம் மேடம். தண்ணி குடிச்சுக்கறேன்.

லிஸ்ட்டு இப்ப இருக்கான்னா… இல்ல. நான் வேண்டாம்னும் உள்ளயே கெடந்துச்சு, நேத்து சாயங்காலம் தூக்கியாச்சு; மாத்தம் இன்னைக்குக் காலை ஏழு மணிக்கு சைட்டுல ஏறிச்சு. அந்தப் பொண்ணா? அது நேத்து லீவுங்க, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அது இல்லாததாலதானே நிம்மதியாத் தூக்க முடிஞ்சுது… தூக்கினாங்க… சரி, தூக்கினேன்.

அதையுமா எழுதறீங்க? எழுதாதீங்க… ம்ஹும், எழுதுங்க. இருங்க, லிஸ்ட்டைத் திரும்பப் போட்டுடறேன். ரெண்டு வரிதானே… ம்… போட்டாச்சு. பாருங்க, தொறந்துடுச்சு! அய்யய்யோ, காலையில இருந்து சர்வரைத் திட்டினேன், நெட் கம்பெனிக்காரனைத் திட்டினேன், அந்தப் பொண்ணு ரெண்டு தடவை போன் பண்ணுச்சு, கட் பண்ணினேன்…

மேல நான் சொன்ன வாக்குமூலத்தை அடிச்சிடுங்க. நிரந்தர உத்தரவு அடுத்த வாரம் வரைக்கும் எதுக்கு? இன்னைக்கே கொண்டாங்க, கையெழுத்துப் போடறேன். நான் பேசறப்ப குறுக்க பேச இந்த ஆபீஸ்ல அது ஒண்ணுதான் இருக்கு. மத்தவங்க எல்லாம் உங்கள மாதிரி… பேச விட்டுடறாங்க.