ஏழு காலிக் கட்டங்கள்

உயிரியல் ஆய்வுக் கட்டுரையில் முன்னுரையைக் கடைசியில்தான் எழுத வேண்டும். முப்பத்து நான்கு வருடம் இதையே சொன்னேன். எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. முதல் நாளே உட்கார்ந்து, "ஆதிகாலம் தொட்டு மனிதன் தாவரங்களை" என்று ஆரம்பித்துவிடுவார்கள். விசாரணைக் குழுவினராகிய நீங்களும் அதே தப்பைத்தான் செய்கிறீர்கள். நான்கு வெள்ளைத்தாளைக் கொடுத்து, முதலில் உங்களைப் பற்றி எழுதுங்கள் என்கிறீர்கள். சரி. பெயர் நல்லகாமன். வயது அறுபத்தொன்பது. தாவரவியல் பேராசிரியராக ஓய்வு பெற்றவன். அதற்குப் பிறகும் கல்லூரி என்னை ஆய்வு ஆலோசகராக வைத்திருந்தது. சாயங்காலம் கோரிப்பாளையத்தில் சிக்கந்தர் பாய் கடையில் டீ குடிப்பேன். முன்னுரை முடிந்தது.

அந்தக் கடையில் நான் கதை சொல்வதுண்டு. கீழக்குயில்குடி மலைச்சரிவில் ஒரு கொடி இருக்கிறது, அதன் இலைப்பொடியைக் குடித்தவனைக் கடித்த நாகம் ஒன்று மூன்று நாள் விக்கல் எடுத்து அலைந்தது என்று ஒருநாள் சொன்னேன். சொல்லும்போது என் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாது.

"பாம்புக்குத் தண்ணி கிண்ணி குடுத்தீகளா சார்?" என்றார் சிக்கந்தர் பாய்.

"டீயே குடுத்தேன் பாய். சீனி கம்மின்னு வச்சுட்டுப் போயிருச்சு."

கடையே சிரித்தது. என் பக்கத்தில் இருந்த மலைச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. எழுமலைக்காரர். எனக்கு வேண்டிய செடிகொடிகளைப் பறித்து வந்து தருவார். அவருடைய அப்பா அடுத்தவர் காட்டில் கூலிக்கு நின்றவர். இவர் ஒன்றரை ஏக்கர் வாங்கிக் கடலை போட்டிருந்தார். மகள் தமிழ்வாணி எங்கள் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள்.

"அந்தக் கொடிய எனக்குத் தெரியும்யா. நாளைக்கே கொண்டாறேன்" என்றார்.

கொண்டுவந்தார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆய்வுக் கட்டுரையில் செய்முறையை முதலில் எழுத வேண்டும்; செய்தது என்னவோ அதுதான் நமக்கு உறுதியாகத் தெரியும். தமிழ்வாணி கொடியின் சாற்றைச் சோதனைக் குழாயில் பாம்பு விஷத்தோடு கலந்து பார்த்தாள். ஒன்பது முறை பார்த்தாள். எட்டு முறை ஒன்றும் நடக்கவில்லை. ஒருமுறை விஷம் கொஞ்சம் மட்டுப்பட்ட மாதிரி தெரிந்தது. அன்றைக்குக் குழாயைச் சரியாகக் கழுவவில்லை என்று அவளே சொன்னாள். நான் அந்த ஒன்றை எழுதச் சொன்னேன்.

என் நிலைமையையும் பார்க்க வேண்டும். அதுவரை என் பெயரில் வந்த கட்டுரைகள் இரண்டு. இரண்டும் கல்லூரி ஆண்டு மலரில். என்னிடம் கட்டுரை எழுதக் கற்றுக்கொண்டு போனவர்கள் வெளிநாட்டில் நாற்பது, ஐம்பது என்று போட்டிருக்கிறார்கள். நன்றியுரையில்கூட ஒருத்தனும் என்னை நினைக்கவில்லை. தமிழ்வாணிக்கும் ஒரு கட்டுரை வெளிவந்தால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். ஆகவே பாம்பு கடித்து அந்தப் பொடியால் பிழைத்தவர்கள் என்று பதினொரு பேரை அட்டவணையில் சேர்த்தேன். ஊர், வயது, கடிபட்ட கால், எல்லாம் கொடுத்தேன். ஒருவருக்கு இடது கையில் ஆறு விரல் என்றுகூடக் குறித்தேன். அப்படி ஒரு விவரம் இருந்தால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

"இவங்கள நான் ஒருத்தரையும் பாத்ததில்லையே சார்" என்றாள் தமிழ்வாணி.

"நான் பாத்தேன்மா."

நன்றியுரையில் மலைச்சாமியின் பெயரைப் போட்டேன். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. எந்த வரி என்று விரல் வைத்துக் காட்டினேன். அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து வீட்டில் மாட்டினார். அன்றிலிருந்து ஒரு டப்பாப் பொடியும் அவர் சட்டைப் பையில் இருந்தது.

இரண்டு மாதத்தில் ஆய்விதழிலிருந்து பதில் வந்தது. பதினொரு பேரும் சரி. ஆனால் ஒரே ஒருவரையாவது கடித்த நேரத்திலிருந்து மணிக்கு மணி கவனித்த விவரம் வேண்டும், அறுபது நாள் அவகாசம் என்று இருந்தது. நியாயமான கேள்வி. என்னிடம் படித்தவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த முறை ஒன்று உண்டு: அட்டவணையைக் காலியாக வரைந்துவிடு, அப்போதுதான் எதைப் பார்க்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும். பன்னிரண்டாம் நோயாளி என்று எழுதி, கடித்த நேரத்துக்கு ஒன்று, பிறகு மணிக்கு ஒன்றாக ஆறு, ஆக ஏழு கட்டம் வரைந்து மேசைமேல் ஒட்டினேன். இதையும் கதையாக நிரப்பியிருக்கலாம். ஆனால் பதினொன்று எழுதியதில் எனக்கே சலித்துவிட்டது. ஒன்றாவது நேர்மையாக இருக்கட்டும் என்று பட்டது.

ஐம்பத்து மூன்றாம் நாள், காலை ஒன்பது பத்துக்கு மலைச்சாமி போன் செய்தார்.

"ஐயா, கடலைக் காட்டுல விரியன் போட்டுருச்சு. இடது கணுக்கால். பொடியக் குடிச்சுட்டேன். ஆஸ்பத்திரிக்கும் போயிரவா?"

ஷேர் ஆட்டோ பிடித்தால் உசிலம்பட்டி ஆஸ்பத்திரி அரை மணி நேரம்.

"ஆஸ்பத்திரி மருந்தும் சேந்துட்டா எது கேட்டுச்சுன்னு தெரியாதே மலைச்சாமி. தமிழ்வாணி கட்டுரைக்கு இது ஒண்ணுதான் பாக்கி."



"பாப்பாவுக்கு ஆகும்னா இருக்கேன்யா. அதுகிட்டச் சொல்லிராதீக, பயந்துக்கிரும்."

நான் சொல்லவில்லை. அவள் அப்போது பக்கத்து அறையில்தான் குழாய் கழுவிக்கொண்டிருந்தாள்.

அவர் ஒழுங்கான மனிதர். பத்து பத்துக்குக் கூப்பிட்டார். வீக்கத்தைத் தையல் டேப்பால் அளந்து சொன்னார். பதினொன்று பத்துக்கும் கூப்பிட்டார். பன்னிரண்டு பத்துக்கு அவர் மனைவி ஒச்சாயி பேசினார்.

"ஐயா, பல்லு ஈறுலருந்து ரத்தம் வருதுய்யா. ஆட்டோவக் கூப்புடவா?"

"கட்டியா வருதா, தண்ணியா வருதாம்மா?"

"தண்ணியாத்தான் வருது. எம்புட்டுத் துடைச்சாலும் நிக்கல."

"இன்னும் ஒரு மணி நேரம் பாப்போம்."

ஒன்று பத்துக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனதாகச் சொன்னார். ஐந்து கட்டம் நிரம்பியது. அதற்குப் பிறகு ஒச்சாயி என்னைக் கேட்கவில்லை. தானே ஆட்டோ பிடித்துவிட்டார். மீதி இரண்டு கட்டத்தையும் நானே நிரப்பினேன். ரத்தக்கசிவு குறைகிறது. இயல்பு நிலை.

கட்டுரையைக் குறித்த நாளுக்குள் அனுப்பினேன். மூன்று வாரத்தில் ஏற்றுக்கொண்டார்கள். பிழைதிருத்தப் பிரதி வந்தபோது தமிழ்வாணியின் அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. திருத்துவதில் அவள் கெட்டி. ஒவ்வொரு எண்ணிலும் பென்சிலை வைத்து வந்தவள், ஒரு வரியில் நிறுத்தினாள். நாற்பத்தொன்பது வயது ஆண், எழுமலை, இடது கணுக்கால், தேதி.

"சார், இந்தப் பன்னெண்டாவது ஆளு யாரு?"

"உங்கப்பா உனக்காகச் செஞ்ச உதவிம்மா."

அவள் அழவில்லை. பென்சிலைக் கடைசிக் கட்டத்துக்கு நகர்த்தினாள்.

"ரெண்டே முக்காலுக்கு எங்கப்பா செத்துட்டாரு சார். மூணு பத்துக்கு நார்மல்னு போட்டிருக்கீங்க."

"கட்டத்தைக் காலியா விட முடியாதேம்மா" என்றேன். அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு நேரே உங்களிடம் வந்துவிட்டாள். கட்டுரையிலிருந்து தன் பெயரையும் எடுக்கச் சொல்லிவிட்டாள். மூன்று வருட உழைப்பு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை.

முடிவுரை சுருக்கமாக இருக்க வேண்டும். பதினொரு பேரும் என் கற்பனை. பொடி வேலை செய்யாது என்று எட்டாவது குழாயிலேயே எனக்குத் தெரியும். பன்னிரண்டாமவரை ஆஸ்பத்திரிக்குப் போக விடாமல் நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்தது நான்தான். மறுக்கவில்லை.

ஆனால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டுரையை அனுப்பும் முன் நன்றியுரையைத் திறந்து, அவர் பெயருக்கு முன்னால் 'மறைந்த' என்று சேர்த்தேன். யாரும் சொல்லாமல், நானாகச் சேர்த்தேன். உண்மைக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கிறவன் என்பதற்கு இதற்கு மேல் உங்களுக்கு என்ன ஆதாரம் வேண்டும்?