தோற்றவர் வாங்கிய தேத்தண்ணி

ஈப்போவிலிருந்து லகாட் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர், "ஜெயிச்சிட்டுத்தான் வாரேன் மச்சான். ஆனா வெக்கமா இருக்கு" என்றார். நான் பேப்பரை மடித்துக்கொண்டேன்.

"யாரை ஜெயிச்ச?"

"காப்பிக்கடையில முனியாண்டி அண்ணன. டாம் ஆட்டத்துல."

மற்றவர் முழுசாக அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "அவரை யாரும் ஜெயிச்சதே இல்லலா."

"பலகையில காய்க்குப் பதிலா வெச்ச போத்தல் மூடி பாதிக்கு மேல அப்படியே கெடக்கு. நான் தோக்கப் போறேன்னு ஒக்காந்திருக்கேன். திடீர்னு கடைக்காரரைக் கூப்பிட்டு, 'தம்பிக்கு ஒரு தேத்தண்ணி, என் செலவு'ன்னாரு."

"தோத்தவருதானே வாங்கித் தரணும்? பாதி ஆட்டத்துல எதுக்கு?"

"அதான் எனக்கும் புரியல. 'அவசரப்படாத, நல்லா பாரு'ன்னாரு. பாத்தேன், பாத்தேன், எந்த மூடியை நகத்துறதுன்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள தேத்தண்ணி ஆறிப்போச்சு."

"அவரு பேசாம இருந்திருந்தா?"

"வேற மூடியை நகத்தித் தோத்திருப்பேன்."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

"தேத்தண்ணிய குடிச்சியா?"

"எப்படிலா குடிக்கிறது. நான் ஜெயிக்கப் போறது எனக்கு முன்னாலயே அவருக்குத் தெரிஞ்சிருக்கே."