ஓட்டையில்லாத முட்டைகள்

முட்டைக்குப் பூ வைத்துப் பார்த்திருக்கிறீர்களா, இன்ஸ்பெக்டர் ஐயா? அதைவிடச் சந்தோஷமான வேலை இந்த விருத்தாசலத்தில் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் என் டிசைன் கடைக்குத் தினப்படி வருவது கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும்தான். 2006 ஈஸ்டருக்கு முன்னால்தான் என் கைக்கேற்ற வேலை ஒன்று வந்தது.

பீங்கான் பொம்மை செய்யும் அமிர்தம் அக்கா கொண்டுவந்தார். பதினோரு வருஷம் கூலிக்கு அச்சு ஊற்றியவர், அப்போதுதான் தனியாக ஒரு ஷெட்டும் சின்னச் சூளையும் பிடித்திருந்தார். புதுச்சேரிக் கடை ஒன்று இருநூறு பீங்கான் முட்டை கேட்டிருந்தது. அது சரியாக அமைந்தால் இனி யாரிடமும் கூலிக்குப் போக வேண்டாம். "படம் மட்டும் நல்லா போட்டுக் குடுங்க தம்பி, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். வெந்து வரும் முட்டைமேல் என் பூக்களைத் தாளில் அச்சடித்து ஒட்டுவது ஏற்பாடு.

மாதிரி முட்டையைப் படம் பிடித்து போட்டோஷாப்பில் ஏற்றினேன். செம்பருத்தி, சங்குப்பூ, நடுவில் ஆவாரம்பூ. ஒவ்வொரு இதழையும் முட்டையின் வளைவுக்கு வளைத்தேன். இரண்டு நாள் சோறு தண்ணி நினைப்பே இல்லை. அடியில் மிளகு அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. அசிங்கமாகத் தெரிந்ததால் பக்கத்து வெள்ளையை எடுத்து அதன்மேல் பூசிவிட்டேன். படத்தை அனுப்பியதும் புதுச்சேரிக் கடைக்காரர் அசந்துபோய், அச்சு அசலாக இப்படியே வேண்டும் என்று மெயில் போட்டார். அதைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்காவுக்குத்தான் முகம் மாறியது. "அந்த ஓட்டை இருந்தாத்தான் உள்ள இருக்கற காத்து வெளிய போவும் தம்பி. இல்லன்னா சூளையில வெடிச்சிடும். அவங்களுக்குப் போன் போட்டுச் சொல்லிடுங்க."

போட்டுவிட்டேன், ஒத்துக்கொண்டார்கள் என்றேன். போடவில்லை. அவ்வளவு அழகான படத்தைக் காட்டியபின் ஓட்டையைப் பற்றி எப்படிப் பேசுவது?

சூளை ஏற்றும் நாளில் உதவிக்குப் போனேன். நீங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வாருங்கள், நானே அடுக்குகிறேன் என்றேன். அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஈரக் களிமண்ணால் இருநூறு ஓட்டையையும் அடைத்து, அடைத்த பக்கம் கீழே இருக்கும்படி வரிசையாக வைத்தேன். திரும்பி வந்தவர் என் கைச்சுத்தத்தைப் பாராட்டினார்.

பற்றவைத்து இரண்டு மணி நேரத்தில் உள்ளே டப்பென்று ஒரு சத்தம். அக்கா, உள்ளே எட்டிப் பார்ப்பதற்காக விட்டிருந்த துளையின் செங்கல்லை உருவிக் குனிந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் சூளையை அணைத்துவிடுவார், வெடிக்காத முட்டைகளும் வீணாகும். அடுத்து வெடித்ததன் சில்லு அவருடைய இடது கண்ணில் பாய்ந்தது. முட்டையும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இப்போது பழைய பட்டறைக்கே கூலிக்குப் போகிறார்.

அடைத்தது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரே ஒரு மனக்குறை. அவருடைய போட்டோ ஒன்றைச் சரிசெய்து, லேமினேட் போட்டு, காசு வாங்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். வலது கண்ணை எடுத்து, திருப்பி, இடது பக்கம் வைத்திருக்கிறேன். துளி வித்தியாசம் தெரியாது. அவ்வளவு அருமையாகக் கண்ணைத் திருப்பிக் கொடுத்தும், அந்த அம்மா அதை ஒருமுறைகூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை.